முப்பத்தொன்றுக்கு முன்னர் ஒரு கமரா

பேத்தி பிறந்து பத்தொன்பதாவது நாள் இரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அவர் என்னிடம் நேரடியாக எதையும் கேட்பவரல்லர். கேட்கவேண்டியதை மகள் மூலமே கேட்பார். அன்று மட்டும், "மாமா, பிள்ளைக்கு முப்பத்தொண்டு வருது. அதுக்கு முன்னம் ஒரு கமரா வாங்கவேணும். படமும் எடுக்கவேணும், வீடியோவும் எடுக்கவேணும். விலை கையைக் கடிக்கக்கூடாது. நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள்தானே, எதை வாங்கலாம்?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

பத்திரிகையில் இருந்தவனுக்குக் கமரா தெரியும் என்பது பொதுவான நம்பிக்கை. கொழும்பில் ஆசிரியபீடத்தில் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்குப் படப்பிடிப்பாளர் தனியாக இருந்தார். என்னைப்போன்ற பிரதேச நிருபர்களின் கதை வேறு. செய்தியும் நாமே, படமும் நாமே, கொழும்பு செல்லும் பஸ்ஸில் உறையைக் கொடுத்தனுப்புவதும் நாமே. ஆகவே திருகோணமலையில் நான் ஏறக்குறைய முப்பது வருடங்கள் தோளில் ஒரு யாஷிக்காவைச் சுமந்து திரிந்திருக்கிறேன். அதனால் எனக்குக் கமரா தெரியும் என்று சொல்லமுடியாது. கமரா எங்கெங்கே காலை வாரும் என்பது ஓரளவு தெரியும்.

மறுநாள் மாலை உட்துறைமுக வீதியருகே அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குச் சென்றேன். மருமகன் இரண்டு வாரங்களாக இணையத்தில் தேடிக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். பன்னிரண்டு கமராக்களின் பெயர்கள் ஒரு கொப்பியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே மெகாபிக்சல் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டிய பின்னர், எங்கள் நாட்டில் இத்தகைய பொருட்களின் விலையைப் பார்ப்பதற்கே ஒரு மனத்துணிவு வேண்டும். அவரிடமிருந்தது ஒன்றரை இலட்சம் ரூபாய். அதில் ஒரு பகுதி சீட்டுப் பணம். மகள் தொட்டிலை ஆட்டியபடி, "கையில போன் இருக்கேக்க எதுக்கப்பா கமரா?" என்றாள்.

அவளது கேள்விதான் முதலில் பதில் சொல்லப்படவேண்டியது.

இன்றைய கைத்தொலைபேசி பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தைக் குறைசொல்ல இயலாது. ஐம்பது வருடங்களுக்கு முன்னர் எனக்கு அப்படியொரு கருவி கிடைத்திருந்தால் நான் வேறு எதையும் தொட்டிருக்கமாட்டேன். ஆனால், பச்சிளம் குழந்தையின் வாழ்க்கை பகல் வெளிச்சத்தில் நடப்பதில்லை. அது அறைக்குள், பாதி திறந்த யன்னலருகே, இரவு இரண்டு மணிக்கு ஒரு சிறிய விளக்கொளியில் நடக்கிறது. அந்த இருட்டில் தொலைபேசி என்ன செய்கிறதென்றால், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு படமாக்கித் தருகிறது. அசையாத சுவருக்கும் அலமாரிக்கும் அது நல்ல வித்தை. குழந்தை கைகால்களை உதறிக்கொண்டிருக்கும். சேர்த்துத் தைக்கும்போது விரல்கள் புகைபோலக் கரைந்துவிடும். மகளின் தொலைபேசியில் இருந்த முந்நூறு படங்களைப் புரட்டிப் பார்த்தோம். இருநூறுக்கு மேற்பட்டவற்றில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். விழித்திருந்த படங்களில் பலவற்றில் அவளுக்கு ஆறு விரல்களா ஏழு விரல்களா என்று சொல்லமுடியாதிருந்தது.

காரணம் ஒளியை வாங்கும் உணரியின் பரப்பளவு. நடுத்தர விலைத் தொலைபேசி ஒன்றில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வில்லை மாற்றக்கூடிய சாதாரண கமராக்களில் அது ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் அகலமும் 15 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. பரப்பளவில் பத்து மடங்கு. மழைக்கு வாளி வைப்பதற்கும் தேநீர்க் கோப்பை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு.

மெகாபிக்சல் கணக்கை நான் கொப்பியிலேயே வெட்டிவிட்டேன். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நாம் அல்பத்தில் வைக்கும் படம் ஆறு அங்குலம் நீளம், நாலு அங்குலம் அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 1800 பெருக்கல் 1200. அதாவது இருபத்தொரு இலட்சத்து அறுபதினாயிரம் புள்ளிகள். இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம். சுவரில் மாட்டும் 12 அங்குலப் படத்துக்குக்கூட ஒன்பது போதும். பத்து வருடப் பழைய கமராவும் அதைத் தாராளமாகத் தரும். எஞ்சிய மெகாபிக்சல்களுக்கு நாம் கொடுக்கும் பணம் கடைக்காரரின் பிள்ளைக்குப் பால்மா வாங்க உதவும்.

ஆகவே புதியது வேண்டாம், பழையதாக ஒன்றைப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஆனால் பழையதில் எது? நிக்கோன் டி3500 நல்ல கமரா, 2018இல் வந்தது, படத்துக்குக் குறையில்லை. வீடியோ எடுக்கும்போது அது குழந்தையைத் தேடித்தேடிக் குவியத்தைப் பிடிப்பதற்குள் குழந்தை தவழ்ந்து குசினிக்குள் போய்விடும். வெளியிலிருந்து ஒலிவாங்கி பொருத்தும் துளையும் அதில் இல்லை. வீடியோவும் வேண்டுமென்பவர்களுக்கு 2017இல் வந்த கெனன் 200டி பொருத்தம். திரையில் பார்த்து எடுக்கும்போது முகத்தை விடாமல் பின்தொடரும், ஒலிவாங்கித் துளையும் உண்டு. நிக்கோனைத் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். டி3500 போன்றவற்றுக்குள் குவியத்தை இயக்கும் மோட்டார் கிடையாது. பழைய 50 மில்லிமீற்றர் வில்லையை மலிவாகச் சேர்த்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், அது அந்த உடலில் தானாகக் குவியாது. கையால் திருகித்தான் குவியவைக்கவேண்டும். அழும் பிள்ளையை ஒரு கையில் வைத்திருப்பவருக்கு அது ஆகாத காரியம்.

வில்லை விடயத்தில் எனக்கும் இளைஞர்களுக்கும் எப்போதும் வழக்கு. எல்லோரும் 50 மில்லிமீற்றர் வில்லையைப் புகழ்கிறார்கள். அதன் வாய் அகன்றது. கமராவோடு வரும் சாதாரண வில்லையை முழுதாக நீட்டினால் கிடைக்கும் ஒளியைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை அது உள்ளே விடும். உண்மைதான். ஆனால், இவ்வகைக் கமராவில் அது தொலைவிலிருப்பதை அருகே இழுப்பது போன்றது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை முழுதாக விழவேண்டுமென்றால் பின்னால் போ என்கிறது. எங்கள் வீடுகளில் பின்னால் இருப்பது சுவர். அதனால் தட்டையான 24 மில்லிமீற்றர் வில்லை ஒன்றைத் தேடச் சொன்னேன். வாய் சற்றுக் குறுகியதுதான். ஆனால், அறைக்குள் நின்று தாயையும் பிள்ளையையும் ஒன்றாக எடுக்கலாம். சட்டைப் பைக்குள் அடங்கும் தடிப்புத்தான் என்பதால் கமரா அலமாரிக்குப் போகாமல் மேசையிலேயே கிடக்கும். கைக்கெட்டாத கமரா எவ்வளவு விலையானாலும் என்ன பயன்?

பழைய கமரா வாங்கும்போது திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் பார்க்கவேண்டியது முதலில் பூஞ்சணம். கடற்காற்றும் மாரிகாலத்து ஈரமும் வில்லைக்குள் சிலந்திவலை போன்ற ஒன்றை வளர்த்துவிடும். கையில் ஒரு ரோச் லைட் கொண்டுபோய் வில்லையின் ஒரு பக்கத்தால் ஒளியைப் பாய்ச்சி மறுபக்கத்தால் பாருங்கள். நூல்நூலாக ஏதும் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய பின்னர், காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பது எங்கள் அம்மா காலத்து யோசனை. அரிசித் தூசு வில்லைக்கு வேறொரு நோய். நானும் ஒருமுறை வைத்து, பொங்கலுக்கு அரிசி எடுத்தபோது கமராவும் சேர்ந்து சுளகில் விழுந்திருக்கிறது.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. இவற்றைச் சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். மருமகன்தான், "உங்கட காலத்தில எப்பிடி மாமா? இவளின்ர சின்ன வயதுப் படங்கள் கனக்க இல்லையே" என்று கேட்டார். மகள் என்னைப் பார்க்காமல் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குரிய பதில் என் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது. மகள் பிறந்தது 1990 ஜனவரி. அந்த வருடம் ஜூன் மாதம் மீண்டும் போர் தொடங்கியது. ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். சுருளும் கழுவும் செலவும் எனது கணக்கு. படம் பிரசுரமானால் மட்டும் பணம் வரும். ஆகவே ஒரு படத்தையும் வீணாக்க இயலாது. செய்திக்காக எடுத்து முடிந்து, சுருளைக் கழற்றுவதற்கு முன்னர் எஞ்சியிருக்கும் இரண்டோ மூன்றோ படங்கள்தான் என் பிள்ளைக்கு. கழுவிய பின்னர் நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டித் தருவார்கள். அந்தத் தகரத்துக்குள் இருக்கும் துண்டு ஒன்றில் முதல் நான்கும் ஒரு பாடசாலை முகாமில் தண்ணீருக்காகக் குடங்களோடு வரிசையில் நிற்கும் பெண்கள். அடுத்த இரண்டும் என் மகளின் பல்லுக்கொழுக்கட்டை.

ஊர் இருந்த நிலையில் நாங்கள் எவரையும் அழைக்கவில்லை. மனைவி நாலு கொழுக்கட்டை அவித்துத் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப்போலக் குத்தி, வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தித் தலையில் கொட்டினாள். முன்னால் புத்தகம், பேனை, காப்பு, சீப்பு என்று வைத்தோம். பத்திரிகைக்காரன் வீட்டுப் பிள்ளை பேனையை எடுக்கும் என்று கமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தேன். அவள் எடுத்தது சீப்பு. அதை எடுத்த கணத்தைப் பிடித்துவிட்டேன். அது முப்பத்தைந்தாவது படம். முப்பத்தாறாவதில் அவள் அழுகிறாள்.

மகளின் குழந்தைப் பருவம் முழுவதற்கும் என்னிடம் இருப்பவை நாற்பத்தொரு படங்கள். அதே காலத்தில் அடுத்தவர் வீட்டுத் துயரங்களை நான் எத்தனை ஆயிரம் எடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்த நாற்பத்தொன்றில் ஒன்றிலும் நான் இல்லை. எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை. மனைவியிடம் கமராவை ஒருமுறையேனும் கொடுத்திருக்கலாம். படம் வீணாகிவிடும் என்று கொடுக்கவில்லை. அவள் இன்று இல்லை. இதைத் திருத்த வழியுமில்லை. மருமகனுக்கு இதை அன்று நான் சொல்லவில்லை. "இரண்டு பேருக்கும் பாவிக்கத் தெரியக்கூடிய கமராவாக வாங்குங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் நகரில் கமராவை வெளியே எடுப்பதற்கே தயங்கிய காலமொன்று இருந்ததையும் இந்தத் தலைமுறை அறியாது. இது துறைமுகமும் கடற்படைத் தளமும் உள்ள ஊர். குடும்பப் படத்துக்குப் பின்னணியில் கடல் வேண்டுமென்றால், எந்தக் கடல் என்று பார்க்கவேண்டும். டச்சுக்குடாப் பக்கமென்றால் பரவாயில்லை. துறைமுகப் பக்கமென்றால் காவலரணிலிருந்து குரல் வரும். 2006 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாக முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் பிரசுரமானபோது அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பது தெரிந்தது. அந்த மாதம் 24ஆம் திகதி அவர் இந்த நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் பிள்ளைகளின் தகப்பன். அதன்பின் பல மாதங்கள் எனது கமரா அலுமாரியை விட்டு இறங்கவில்லை. எனக்கு அப்போது துணிவு இல்லாமற் போயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தப் படங்கள் எடுத்தவரின் கமராவுக்குள்ளேயே இருந்திருந்தால் அவரோடு போயிருக்கும். பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்து அச்சானதால் இருக்கின்றன.

குடும்பப் படங்களுக்கும் இதே கதிதான். எனது அக்கா நிலாவெளியில் இருந்தார். அவரது மூத்த மகன் ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்தவன். அவனுடைய படங்கள் எல்லாம் ஒரே அல்பத்தில் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், கடல் வந்தது. அக்காவும் அத்தாரும் தப்பினார்கள். வீட்டில் பாதி போயிற்று. நான்கு நாட்களின் பின்னர் தாழம்பற்றைக்குள் அல்பத்தைக் கண்டெடுத்தோம். வண்ணப்படத்தின் மேற்பூச்சு ஜெலற்றினால் ஆனது. உப்புத்தண்ணீரிலும் சேற்றிலும் ஊறிய அது கையோடு வழிந்து வந்தது. அக்கா ஒவ்வொரு தாளாக எடுத்துச் சட்டைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வெள்ளைத் தாள் மட்டும் மிஞ்சியது. துடைக்கவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 2011இல் ஜப்பானில் கடல் பொங்கியபோது, தொண்டர்கள் ஊர் ஊராகச் சேற்றிலிருந்து படங்களைப் பொறுக்கி, குளிர்ந்த நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, நூலில் தொங்கவிட்டுக் காயவைத்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள் என்று வாசித்தபோது, ஏழு வருடங்கள் முந்தி எவரேனும் இதை எமக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளையின் படம் பின்னர் கிடைத்தது. 1988இல் அக்கா லண்டனிலிருந்த மச்சாளுக்கு விமானத் தபாலில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் மொட்டைத் தலையோடு அவன் நிற்கும் படம். மச்சாள் அதைச் சாமியறையில் வைத்திருந்தார். பிரதி எடுத்து அனுப்பினார். அக்கா அதை வாங்கிய நாளில் நானும் அங்கிருந்தேன். அவர் எதுவும் பேசவில்லை. படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பழைய படத்தின் பின்பக்கத்தையும் மச்சாள் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். அதில் பென்சிலால் அக்காவின் கையெழுத்தில் அவனுடைய பெயரும் திகதியும் இருந்தன.

கணினிக்காரர்கள் இதற்கு இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். அக்கா அந்த விதியை அறியாமலே விமானத் தபால் அனுப்பினார். மருமகனிடம் அன்று நான் கேட்டதும் இதுதான். ஒன்றரை இலட்சத்தையும் கமராவில் போட்டால், படங்களை எங்கே வைப்பீர்கள்? "கூகிளில இருக்கும்தானே" என்றார். கூகிளில் வரையறையின்றி இலவசமாக வைத்திருந்த காலம் 2021 ஜூன் முதலாம் திகதியோடு முடிந்துவிட்டது. 15 கிகாபைற் நிரம்பினால் மாதாமாதம் பணம் கட்டவேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உளர். சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தின் அளவைக் குறைத்துவிடும். கோப்பாக இணைத்து அனுப்பினால் மட்டுமே முழுமையாகப் போகும்.

வீடியோவைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் எனக்கு ஒரு சொந்தக் கசப்பு உண்டு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், வெளிநாட்டிலிருந்த எங்கள் ஆட்கள் கையில் வீடியோக் கமராவோடு வந்திறங்கினார்கள். ரொறொன்ரோவிலிருந்து தம்பியும் குடும்பத்தோடு 2003இல் வந்தான். அவனுடைய கைக்குழந்தையை அம்மா மடியில் வைத்துத் தாலாட்டுவதைப் படமெடுத்தான். திரும்பிப்போய் வீடியோ கசற்றில் பதிந்து எமக்கு அனுப்பினான். நாங்கள் போட்டுப் பார்த்தோம். திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டோடின. கனடாவில் பாவனையிலிருந்தது என்ரிஎஸ்சி முறை. எங்கள் நாட்டில் பால் முறை. எங்கள் பழைய டெக் அதை வாசிக்காது. அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்த முடியவில்லை. "கனடாப் படத்துக்கு எங்கட ரிவி விளங்காதோ?" என்று கேட்டார். 2007இல் அம்மா காலமானார். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

தம்பியின் மூல நாடா பல வருடங்கள் ரொறொன்ரோவில் நிலக்கீழ் அறையில் கிடந்தது. அந்த நாடாவை ஓட்டும் கமரா பழுதாயிற்று. அந்த வகையைச் செய்வதையே நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. கடைசியில் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினான். பதினொரு நிமிடம் தேறியது. படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அம்மாவின் முகம் தெளிவாக இல்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. தாலாட்டின் நடுவே பாட்டை நிறுத்தி, "கறண்ட் வந்திட்டுது, மோட்டரைப் போடு" என்று எவருக்கோ சொல்கிறார். நான் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஆகவே வீடியோவில் படத்தைவிட ஒலியைக் கவனியுங்கள் என்பேன். மின்விசிறியை நிறுத்துங்கள். அருகில் செல்லுங்கள். பெரிதாக்கும் பொத்தானை அமத்தாமல் கால்களால் நடந்து செல்லுங்கள். பிள்ளையை மட்டும் எடுக்காமல் அதோடு கதைப்பவர்களையும் எடுங்கள். அப்பப்பாவின் இருமலும் அடுப்படிச் சத்தமும் இருக்கட்டும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தொலைபேசிகள் பல செக்கனுக்கு 30 படங்கள் என்று அமைக்கப்பட்டு வருகின்றன. சில எல்ஈடி விளக்குகளின் கீழ் எடுத்தால் திரையில் கருங்கோடுகள் ஓடுவது அதனால்தான். அமைப்பில் 25 என்று மாற்றி, வேகத்தை ஐம்பதில் ஒன்றாக வைத்தால் பெரும்பாலும் போய்விடும். 4கே என்ற மிகையான தெளிவு வீட்டு வீடியோவுக்குத் தேவையில்லை. ஐபோனில் அது நிமிடத்துக்கு 170 மெகாபைற் வரை விழுங்கும். 1080 என்றால் 60. பிரதி எடுப்பது இலகுவாக இருந்தால்தான் எவரும் பிரதி எடுப்பார்கள்.

ஒரு வாரத்தில் மருமகன் கொழும்பில் பழைய 200டி ஒன்றை வாங்கி வந்தார். ரோச் லைட்டோடு போனாராம். முதலிரண்டு கடைகளில் வில்லைக்குள் பூஞ்சணம் இருந்ததாம். மூன்றாவது கடைக்காரர் ரோச்சைக் கண்டதும் விலையைக் குறைத்தாராம். தட்டை வில்லையும் கிடைத்தது. மிஞ்சிய பணத்தில் வெளியிணைப்பு ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு. ஒன்று அவர்கள் வீட்டில், மற்றது உவர்மலையில் என் வீட்டில்.

முப்பத்தொன்றன்று வீடு கழுவி, ஐயர் வந்து புண்ணியதானம் செய்து, பிள்ளைக்குக் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டிட்டு இருத்தினார்கள். சம்பந்தியம்மாவுக்கு நாவூறு பற்றிய பயம். முப்பத்தொன்றுக்கு முன்னர் எடுத்த படங்களை எவருக்கும் காட்டவேண்டாம் என்று உத்தரவு. முகப்புத்தகத்தில் போடவே கூடாது. இந்த விடயத்தில் நான் சம்பந்தியம்மாவின் கட்சி. பளிச்சிடும் விளக்கு பிள்ளையின் கண்ணுக்குக் கூடாது என்றும் அவர் சொன்னார். கண்ணுக்குக் கேடில்லை, ஆனால் பிள்ளை திடுக்கிடும், முகமும் மாவு பூசியது போலாகிவிடும் என்பதால் அதிலும் அவருக்கே வெற்றி. யன்னலோரமாகப் பாயை இழுத்துப் போட்டோம். பின்னேரம் நாலரை மணிக்குத் துறைமுகப் பக்கமிருந்து வரும் வெயில் அந்த யன்னலில் விழும். தண்ணீரில் பட்டு வரும் வெளிச்சம். அதற்கு விலையில்லை.

மருமகன் எடுத்தார். பின்னர் மகள் கமராவை வாங்கி அவரையும் பிள்ளையையும் எடுத்தாள். அதன் பின்னர் அவள் என்னிடம் வந்து, "அப்பா, நீங்கள் தங்கச்சியை மடியில வைச்சிருங்கோ. நான் எடுக்கிறன்" என்றாள். பேத்தியைத்தான் தங்கச்சி என்கிறாள். நான் இருந்தேன். பிள்ளை எனது மூக்குக்கண்ணாடியை இழுத்தது. மகள் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே போனாள். இப்போது சுருள் முடிவதில்லை.

மறுநாள் அவற்றில் ஆறு படங்களைத் தெரிந்து நகரிலுள்ள ஸ்ரூடியோவில் மும்மூன்று பிரதி போடச் சொன்னேன். கரையில் நின்ற பையன், "ஒரு பிரதி போதாதோ ஐயா? போனில இருக்குந்தானே" என்று கேட்டான். மூன்றுதான் என்றேன். வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பி, பென்சிலைச் சீவி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அழுத்தாமல் எழுதினேன். பெயர், திகதி, இடம், எடுத்தவர். கண்ணாடியை இழுக்கும் படத்தில் எடுத்தவர் என்ற இடத்தில் மகளின் பெயர். ஒரு தொகுதி அக்காவுக்கு, ஒன்று மகளுக்கு. மூன்றாவதை உறையில் போட்டு ரொறொன்ரோவுக்கு அனுப்பத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். பதிவுத்தபாலா சாதாரணமா என்று கேட்டார்கள். பதிவுத்தபால் என்றேன்.